அரை லிட்டர் போதுமா? கும்பகோணம் அக்காவின் தண்ணீர் பாட்டில்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒருவரைப் பற்றிய ஆய்வு. அவருக்குச் சரியாக வந்தது இன்னொருவருக்கு அப்படியே வரும் என்று இல்லை, ஆனால் பார்த்த முறை யாருக்கும் உதவும் என்பதால் முழுசாக எழுதுகிறேன்.

ஆள் கும்பகோணத்தை ஒட்டிய ஊரில் பள்ளி ஆசிரியை, வயது 43. எங்கள் ஓட்டக் குழுவில் எல்லோருக்கும் அவர் அக்காதான், பெயர் போட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார், அதனால் இங்கேயும் அக்கா என்றே வருகிறது. டிசம்பரில் ஒரு அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர், ஓட வேண்டும் என்பது திட்டம். பள்ளி விடுமுறையில்தான் நேரம் கிடைக்கும் என்று நீண்ட ஓட்டங்களை மே மாதத்திலேயே தொடங்கிவிட்டார். டெல்டாவில் மே மாதம் என்றால் கத்திரி வெயில். விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினாலும் காற்றில் ஈரம் அப்படியே நிற்கும், வியர்வை காயாது, சொட்டும். சொட்டி மண்ணில் விழுகிற வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, தோலில் இருந்தபடி ஆவியாகிப் போவதுதான் குளிர்விக்கும். வெயில் ஏறும் முன்பே ஓடி முடித்துவிட்டேனே என்று இங்கே யாரும் தைரியமாக இருக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

அவர் சொன்ன தொந்தரவு இது. பத்து கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டைத் தாண்டினால் வேகம் விழுகிறது, வீட்டுக்கு வந்த பிறகு மத்தியானம் வரை தலைவலி, வலது தோள்பட்டையில் ஆரம்பித்துக் கழுத்து வரை இழுத்துப் பிடிக்கிறது, வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போகின்றன. மருத்துவரிடம் காட்டியாயிற்று, ரத்த அழுத்தம் சரி, ஹீமோகுளோபினும் சரி. "தண்ணி பத்தலை தம்பி, ஒரு லிட்டர் பிடிக்கிற மாதிரி நல்ல பாட்டிலா ஒண்ணு சொல்லு" என்பதுதான் அவர் என்னிடம் கேட்டது.

அப்போது அவர் கையில் இருந்தது சிங்கப்பூரிலிருந்து கொழுந்தனார் கொண்டுவந்து கொடுத்த ஸ்டீல் ஃபிளாஸ்க். 750 மில்லி, இரண்டு அடுக்குச் சுவர், காலையில் போட்ட ஐஸ் சாயங்காலம் வரை கிடக்கும். அலுவலக மேசைக்கும் பேருந்துப் பயணத்துக்கும் அருமையான பொருள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். காலியாக 340 கிராம், நிரப்பினால் ஒரு கிலோவுக்கு மேல். "அப்ப ஒரு கிலோ அரிசிய ஒத்தைக் கையில தூக்கிட்டா ஓடிக்கிட்டிருந்தேன்?" என்றார் அக்கா. தோள்பட்டைக்கான விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு, பின்னாலிருந்து பைக்கில் வந்தபடி அவர் ஓடுவதை அலைபேசியில் படம் பிடித்தோம். இடது கை முழங்கை வரை ஒழுங்காகப் பின்னால் போய் வருகிறது. வலது கை நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கிறது, தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறது, விரல்கள் ஃபிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அதில் பட்டை கிடையாது, மேல்பூச்சு வழவழப்பு, வியர்த்த கையில் நழுவும், அதனால் இறுக்காமல் இருக்கவும் முடியாது. இரண்டு மணி நேரம் எதையாவது இப்படிப் பிடித்துக்கொண்டிருந்தால் விரல் மரத்துத்தான் போகும்.

இதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது வேறு. 16 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தவரிடம் ஃபிளாஸ்க்கை வாங்கி அளந்தால் உள்ளே இன்னும் 400 மில்லி இருந்தது. 750 தூக்கிக்கொண்டு போய் 350 குடித்திருக்கிறார். கேட்டால், மூடியைத் திருகித் திறக்க இரண்டு கையும் வேண்டும், நின்றால் கால் இறுகிவிடும், அண்ணாந்து குடித்தால் மூக்கில் ஏறுகிறது, சரி அப்புறம் குடிக்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வீடு வந்துவிடும் என்கிறார். வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து, கொஞ்ச நேரத்தில் இன்னொரு செம்பு. ஆக அவருக்குக் குறைந்தது பாட்டிலின் கொள்ளளவு இல்லை. ஓடிக்கொண்டே குடிக்க முடியாத பாட்டில் ஒரு லிட்டர் பிடித்தால் என்ன, இரண்டு லிட்டர் பிடித்தால் என்ன, கனம்தான் ஏறும்.

எவ்வளவு வியர்க்கிறது?

கடைக்குப் போகும் முன்பு இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும், செலவே கிடையாது. ஓடப் போகும் முன் கழிப்பறைக்குப் போய்விட்டு, முடிந்த அளவு குறைந்த உடையில் எடை பார்க்க வேண்டும். நீண்ட ஓட்டத்துக்கான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடி, குடித்த தண்ணீரை அளந்து வைத்துக்கொண்டு, வந்ததும் உடம்பை நன்றாகத் துடைத்து மறுபடி எடை பார்க்க வேண்டும். வியர்வையில் ஊறிய உடையோடு ஏறி நின்றால் கணக்கு கெட்டுவிடும். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை, அதோடு குடித்ததைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்கு முன்பு 62.4 கிலோ, பின்பு 61.5, நடுவில் குடித்தது 250 மில்லி. ஆக மணிக்கு 1.15 லிட்டர். பொதுவாக ஓடுகிறவர்களுக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை வியர்க்கும் என்பார்கள், அந்த வரம்பில் இது நடுவே நிற்கிறது, அசாதாரணம் ஒன்றும் இல்லை. 16 கிலோமீட்டருக்கு அவர் எடுத்துக்கொள்வது இரண்டு மணி பத்து நிமிடம், அப்படியென்றால் மொத்தம் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் போகிறது. அதில் 350 மில்லி மட்டும் திரும்ப உள்ளே போனால் உடல் எடையில் மூன்று சதவீதத்துக்கும் மேல் இழப்பு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007ல் வெளியிட்ட நிலைப்பாடு இரண்டு சதவீதத்துக்கு மேல் போகவிட வேண்டாம் என்கிறது. அந்த இரண்டு சதவீதத்தை அப்படியே கோடு கிழித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சற்றுத் தாண்டினாலும் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு, ஆனால் இவர் வேகம் விழுகிற இடமும் தலைவலியும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன.

இதைக் கேட்டதும் அக்கா இரண்டரை லிட்டரையும் குடித்துவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். அது கூடவே கூடாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2005ல் வெளியான ஆய்வில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கு, அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்களுக்கு, அந்த ஆபத்து அதிகம். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அதன் அறிகுறிகளும் நீரிழப்பு போலவே இருப்பதால், பார்த்தவர்கள் இன்னும் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிடும் கொடுமையும் நடக்கும். 2015ல் இதற்காகவே கூடிய சர்வதேச நிபுணர் குழுவின் அறிவுரை தாகத்துக்குக் குடியுங்கள் என்பதுதான். அக்காவின் தலைவலிக்கு ஓட்டத்தில் குடிக்காததுதான் காரணமா, வீட்டுக்கு வந்து வெறும் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்ததும் சேர்ந்து காரணமா என்று ரத்தம் எடுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. இரண்டையும் மாற்றுவது என்று முடிவெடுத்தோம்.

இலக்கு எளிது: 16 கிலோமீட்டரில் ஒன்று அல்லது ஒன்றேகால் லிட்டர், தாகம் எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக. இப்போது கேள்வி, அந்த ஒன்றேகாலையும் கையில் தூக்க வேண்டுமா?

பாதையில் தண்ணீர் எங்கே இருக்கிறது

அவர் ஓடும் பாதை தாராசுரம் வழியாகப் பட்டீஸ்வரம், அங்கிருந்து பழையாறைப் பக்கம் வயல்களுக்குள் புகுந்து சுற்றி, திரும்ப அதே தாராசுரம் சாலை. ஒரு சாயங்காலம் இந்தப் பாதை முழுவதையும் வண்டியில் மெதுவாகப் போய் ஒவ்வொரு தண்ணீர் இடத்தையும் குறித்தோம். நான் யாருக்கு பாட்டில் சொன்னாலும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன், ஏனென்றால் பாட்டிலின் அளவைப் பாதைதான் முடிவு செய்கிறது.

காவிரி டெல்டாவில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் தேதி ஜூன் 12, அதற்கு முன் மே மாதத்தில் ஆற்றில் மணல்தான். திறந்த பிறகு வாய்க்கால் நிறைய ஓடும், ஆனால் அது வயலுக்கான தண்ணீர், மேலே உள்ள வயல்களில் அடித்த மருந்தும் போட்ட உரமும் வடிந்து அதில்தான் சேரும், குடிக்க ஆகாது. பம்புசெட் தண்ணீர் பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும், அதை நம்பி ஓட முடியாது. தலையில் ஊற்றிக்கொள்ள அதுதான் சொர்க்கம், குடிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். கும்பகோணம் பக்கம் நிலத்தடி நீர் பரவாயில்லை, கிழக்கே நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று கடலோரம் போகப் போக உப்பு ஏறிவிடும், அங்கே ஓடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. சரி, தண்ணீர்ப் பந்தல்? கோடையில் மூலைக்கு மூலை உண்டு, நீர்மோர்கூடத் தருவார்கள், ஆனால் வெயில் ஏறின பிறகுதான் பானையில் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆறு மணிக்கு ஓடுகிறவருக்குப் பந்தலின் கம்பு மட்டும்தான் கிடைக்கும்.

மிச்சம் இருப்பது டீக்கடை, தெருக்குழாய், அடிபம்பு. தாராசுரத்தில் ஐந்து மணிக்கே டீக்கடை திறந்துவிடும். பட்டீஸ்வரத்தில் துர்க்கை சன்னதிக்குக் கூட்டம் வருகிற ஊர் என்பதால் கடைகளுக்குக் குறைவில்லை. வயல் பாதையில்தான் வெறிச்சோடி இருக்கும், அங்கே ஒரு தண்ணீர் இடத்திலிருந்து அடுத்ததற்கு உள்ள அதிகபட்ச இடைவெளி ஐந்து கிலோமீட்டர். அக்காவின் வேகத்தில் நாற்பது நிமிடம். நாற்பது நிமிடத்துக்கு 400 மில்லி இருந்தால் தாராளம். ஆக, அரை லிட்டர் போதும், இரண்டு இடத்தில் நிரப்பிக்கொண்டால் ஒன்றேகால் கணக்கு வந்துவிடும். ஒரு லிட்டர் பாட்டில் தேடும் வேலை இதோடு முடிந்தது.

இன்னொன்றும் இந்தச் சுற்றில் தெரிந்தது: நிரப்பும் இடங்களில் ஒன்று அடிபம்பு, ஒன்று டீக்கடையின் கேன் தண்ணீர், டம்ளரால் மொண்டு ஊற்ற வேண்டும். இரண்டுக்குமே வாய் அகலமான பாட்டில் வேண்டும். அடிபம்பில் தனியாளாக அடித்துவிட்டு ஓடி வந்து பிடிப்பதற்குள் பாதி போய்விடும், அதிலும் குறுகிய வாய் என்றால் உள்ளே விழுவதைவிடக் கையில் வழிவதுதான் அதிகம்.

மூன்று பாட்டில்கள்

குழுவில் உள்ளவர்களிடம் இரவல் வாங்கித்தான் சோதித்தோம். கையில் மாட்டும் பாட்டில்கள் சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்தைத் தாண்டியும் விற்கின்றன, பார்க்காமல் இணையத்தில் வாங்கிவிட்டுப் பரணில் போட்டவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்.

கடையில் விற்கும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் முதலாவது. இதைக் கேலி செய்வார்கள், நான் செய்ய மாட்டேன். கனமே இல்லை, தொலைந்தால் கவலை இல்லை, எட்டு கிலோமீட்டர் வரை ஓடுகிறவருக்கு இதுவே போதும். ஆனால் திருகு மூடி, பட்டை இல்லை, பாதி காலியானதும் உள்ளே களக் களக் என்று அலையடிக்கும். அந்த அலை ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டை இழுக்கும்.

இரண்டாவது, அமுக்கினால் பீய்ச்சும் கெட்டி பிளாஸ்டிக் பாட்டில், 600 மில்லி, புறங்கைக்குக் குறுக்கே துணிப் பட்டை, சாவி வைக்கச் சின்னப் பை. நேதன் மாதிரியான கம்பெனிகள் வருடக்கணக்காக விற்கும் வடிவம் இது. நிரப்ப மிகச் சுலபம், அடிபம்பின் கீழே நிற்க வைத்துவிட்டு அடிக்கலாம், கழுவவும் சுலபம், கீழே போட்டாலும் உடையாது. என்னைக் கேட்டால் பெரிய கை உள்ளவருக்கு இதற்கு மேல் தேட வேண்டாம். அக்காவின் கை சின்னது. விரல்கள் பாட்டிலைச் சுற்றிப் பாதி கூட வரவில்லை, பட்டையைக் கடைசி வரை இழுத்தும் தொளதொளவென்று இருந்தது, அதை ஈடுகட்ட மறுபடி இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். அமுக்க முடியாமல் பாட்டிலை மேலே தூக்கி உறிஞ்சினார். அலையடிப்பும் இதில் உண்டு.

மூன்றாவது சாஃப்ட் ஃபிளாஸ்க். டிபியூ என்கிற மெல்லிய, நெகிழும் பிளாஸ்டிக்கில் செய்த பை, அதற்கு மேல் பட்டையோடு ஒரு துணி உறை. குடிக்கக் குடிக்கச் சுருங்கும், அதனால் உள்ளே காற்றுக்கு இடமில்லை, அலையும் இல்லை. ஆனால் இது தானாக நடப்பதில்லை. நிரப்பி மூடின பிறகு தலைகீழாகப் பிடிக்காமல் நேராகப் பிடித்து, அமுக்கியபடியே வால்வை, அதாவது கடித்தால் திறக்கும் குடிக்கும் முனையை, கடித்து உள்ளே மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்றிவிட வேண்டும். இதைச் செய்யாமல் சாஃப்ட் ஃபிளாஸ்க்கும் சத்தம் போடுகிறது என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போது வாயின் அளவைப் பார்க்க வேண்டும். 28 மில்லிமீட்டர், 42 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு புழக்கத்தில் இருக்கின்றன. நம் ஊருக்கு 42தான். டம்ளரால் ஊற்றவும் முடியும், உள்ளே விரலை விட்டுக் கழுவவும் முடியும்.

இதன் குறையும் சொல்ல வேண்டும். கீழே வைத்தால் நிற்காது, அடிபம்பில் ஒரு கை அதன் கழுத்தைப் பிடித்தே ஆக வேண்டும், அக்கா இதற்காகவே அடிபம்பை விட்டுவிட்டு டீக்கடைக்கு மாறிவிட்டார். பாதிக்குக் கீழே போனால் பை துவண்டு, பிடி கிடைக்காமல் தொங்கும், துணி உறை கொஞ்சம் விறைப்பாக இருந்தால்தான் சமாளிக்கலாம். கருவேல முள் குத்தினால் கதை முடிந்தது. இத்தனைக்கும் பிறகு அவர் எடுத்தது 500 மில்லி, அகல வாய் சாஃப்ட் ஃபிளாஸ்க்தான். உறையோடு சேர்த்து நூறு கிராமுக்குள், நிரப்பினாலும் பழைய ஃபிளாஸ்க்கில் ஏறக்குறைய பாதி எடை.

அலைபேசி வைக்கும் பை உள்ள உறையைத்தான் முதலில் கேட்டார். வேண்டாம் என்றேன். அலைபேசி ஏறக்குறைய 200 கிராம், குறைத்த கனத்தைத் திரும்பக் கையில் ஏற்றுவதில் அர்த்தமில்லை. சுடிதாரில் பை இல்லாத பிரச்சினைக்கு இடுப்பில் கட்டும் பட்டைப் பை வாங்கினார். உறையின் சின்னப் பையில் வீட்டுச் சாவி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய இருபது ரூபாய் நோட்டு, வீட்டு எண் எழுதின சீட்டு. நோட்டைக் கவரில் வைக்காவிட்டால் டீக்கடைக்காரர் கையில் கூழாகத்தான் போய்ச் சேரும். எங்கள் பக்கம் தண்ணீர் கேட்டால் எந்தக் கடையிலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், ஆனாலும் வாரா வாரம் போய் நிற்கிறோம், ஒரு வாழைப்பழமாவது வாங்கினால் நமக்கும் கூச்சம் இல்லை, பதினாறு கிலோமீட்டருக்கு அந்தப் பழம் தேவையும்கூட.

கையில் இருக்கும்போது

பட்டையை வீட்டிலேயே இறுக்கி மாட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது. வெக்கையில் ஓடும்போது கை வீங்கும், அரை மணி நேரத்தில் பட்டை புறங்கையை வெட்ட ஆரம்பிக்கும். பட்டைக்கும் கைக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற அளவு விட்டு, வழியில் தேவைப்பட்டால் சரிசெய்துகொள்ளலாம். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது.

பிடிக்கக் கூடாது, மாட்டிக்கொண்டு மறந்துவிட வேண்டும், பட்டைதான் பாட்டிலைத் தாங்க வேண்டும். அக்காவுக்கு இந்தப் பழக்கம் வரத்தான் அதிக நாள் ஆனது. ஓடும்போது அவ்வப்போது ஐந்து விரலையும் விரித்துப் பார்க்கச் சொன்னேன், பாட்டில் விழாமல் கையிலேயே இருந்தால் பட்டை சரி, விழுந்தால் பட்டை தொளதொளப்பு. ஒவ்வொரு இரண்டு கிலோமீட்டருக்கும் கை மாற்ற வேண்டும். பழக்கமான வலது கைக்கே மனம் ஓடும், அதனால் தூரத்தைக் கணக்கிட்டு ஒலிக்கும் ஓட்டக் கடிகாரத்தின் ஓசையோடு இதைச் சேர்த்துவிட்டோம்.

குடிப்பதற்கும் ஒரு சின்ன அளவு தேவைப்பட்டது. வீட்டில் பத்து வாய் உறிஞ்சி டம்ளரில் துப்பி அளந்ததில் ஒரு வாய்க்கு 30 மில்லி சொச்சம் வந்தது. ஆக, மூன்று வாய் குடித்தால் நூறு. இது தெரிந்த பிறகு பாட்டிலைத் தூக்கிப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. மூச்சை விட்ட பிறகு ஒரு வாய், இரண்டு மூன்று அடி கழித்து அடுத்த வாய், இப்படிக் குடித்தால் புரையேறுவதில்லை.

இரவே கால்வாசி நிரப்பி ஃப்ரீசரில் படுக்க வைத்து, காலையில் மீதியை ஊற்றிக்கொண்டால் முதல் ஒரு மணி நேரம் சில்லென்று இருக்கும். உள்ளங்கையின் தோலுக்கு அடியில் உடல் சூட்டை வெளியே தள்ளும் தனி ரத்தக் குழாய் இணைப்புகள் உண்டு, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளங்கையைக் குளிர்விப்பது பற்றி ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் அதே குழாய்கள் சுருங்கிவிடும், அதனால் முழுப் பாட்டிலையும் பனிக்கட்டி ஆக்க வேண்டாம். இதனால் வேகம் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன், கைக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான். நாய் துரத்தினால் பீய்ச்சவும் பாட்டில் உதவுகிறது, பழையாறைப் பாதையில் அக்கா இதைச் செய்து பார்த்துவிட்டார், நாய் திகைத்து நின்றுவிட்டதாம்.

உள்ளே என்ன ஊற்றுவது

அக்காவின் கறுப்பு மேல்சட்டையில் ஓட்டத்துக்குப் பிறகு வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். அதனால் நீண்ட ஓட்டத்துக்கு மட்டும் அரை லிட்டரில் டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு தூள் உப்பு, பாதி எலுமிச்சம்பழம். அந்த உப்பில் ஏறக்குறைய 280 மில்லிகிராம் சோடியம் இருக்கும், கடையில் விற்கும் விளையாட்டு பானங்களின் அளவுக்கு நெருங்கிவிடும். முதல் பாட்டில் இது, வழியில் நிரப்புவது வெறும் தண்ணீர். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

இளநீர் ஊற்றலாமா என்பது இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி. அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் முக்கியமாகப் போகும் சோடியம் அந்த அளவு இல்லை, தவிர வெக்கையில் பாட்டிலுக்குள் சீக்கிரம் புளித்துவிடும். ஓடி முடித்து வெட்டிக் குடிக்கலாம், தாராளமாக. பானகம் ஊற்றினால் சுக்குத் தூள் வால்வில் அடைத்துக்கொள்ளும். ஓஆர்எஸ் பொட்டலம் வயிற்றுப்போக்குக்கான அளவு, லிட்டருக்கு 75 மில்லிமோல், அதாவது ஏறக்குறைய 1,700 மில்லிகிராம் சோடியம், ஓட்டத்துக்கு அது அதிகப்படி, வேண்டுமானால் ஓட்டத்துக்குப் பிறகு. வாங்கினால் பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். ஓஆர்எஸ் என்ற பெயரைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் அட்டைப் பெட்டிகளில் ரொம்ப நாள் விற்றன, அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

என்ன மாறியது

தோள், கழுத்து இழுப்பு இரண்டே வாரத்தில் போய்விட்டது, விரல் மரப்பும் இல்லை. இதற்கு பாட்டில்தான் காரணம் என்று தயங்காமல் சொல்வேன், ஏனென்றால் நடுவில் ஒரு நாள் பழைய ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓடியதும் அதே வலது தோள் திரும்பப் பிடித்தது.

அதே 16 கிலோமீட்டரில் இப்போது 1.2 லிட்டர் குடிக்கிறார், எடை 1.3 கிலோ குறைகிறது. தலைவலி பெரும்பாலும் இல்லை. ஆனால் இதை முழுக்க பாட்டில் கணக்கில் எழுத முடியாது. உப்பும் வாழைப்பழமும் அதே சமயத்தில்தான் சேர்ந்தன, வீட்டுக்கு வந்து செம்புக் கணக்கில் குடிப்பதும் நின்றது, அதோடு தொடர்ந்து வெக்கையில் ஓடினால் பத்துப் பதினான்கு நாளில் உடம்பு தானாகவே கொஞ்சம் பழகிக்கொள்ளும். பன்னிரண்டுக்குப் பிறகு வேகம் விழுவது இன்னும் இருக்கிறது, குறைந்திருக்கிறது. அது பயிற்சி விஷயம், பாட்டிலால் தீராது.

புதிதாக வந்த ஒரே தொந்தரவு சுத்தம். எலுமிச்சையும் உப்பும் ஊற்றி, ஒரு நாள் மூடியோடு மறந்து வைத்ததில் வால்வுக்குள் கறுப்பாகப் பூஞ்சை. இப்போது வந்ததுமே வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா போட்டுக் குலுக்கி, வால்வைக் கழற்றித் தனியாகக் கழுவி, பையின் ஓரங்கள் ஒட்டிக்கொள்ளாமல் உள்ளே இரண்டு மூன்று தென்னை ஈர்க்கை வளைத்து விட்டு நிழலில் கவிழ்த்துவிடுகிறார். ஈர்க்கின் கூர்முனையை நறுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே ஓட்டை போட்டுவிடும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது, இந்த பிளாஸ்டிக் தாங்காது.

டிசம்பருக்கு மறுபடி அளந்தோம். மார்கழிக் குளிரில் அதே வேகத்தில் மணிக்கு 0.7 லிட்டர்தான் வியர்த்தது. பந்தயப் பாதையில் சில கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை இருக்கும், ஆனால் அங்கே காகிதக் கோப்பையில் ஓடிக்கொண்டே குடிப்பது அக்காவுக்கு வரவில்லை. அதனால் அதே உறையில் 250 மில்லி பை ஒன்றைப் போட்டு எடுத்துப் போவதாக முடிவு. உறை பெரியதாக இருந்ததால் பை உள்ளே நழுவியது, அடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்ததும் நின்றுவிட்டது. பழைய வால்வைக் கடித்துக் கடித்துக் கிழித்துவிட்டார், வால்வு தனியாகவும் விற்கிறார்கள், வாயின் அளவைச் சொல்லி இரண்டாக வாங்கி வைத்திருக்கிறார்.